நகம் தட்டும் இடம்

உடைந்த ஷாஃப்டின் இரண்டு துண்டுகளையும் கோணிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார் மாமா. அரிசி ஆலை நடத்துகிறவர். தவிட்டை உறிஞ்சித் தள்ளும் புளோயரின் ஷாஃப்ட் அது. 40 மி.மீ. விட்டம், பெல்ட்டில் ஓடுவது.

"பதினோரு வருஷம் ஓடுன ஷாஃப்ட் மாப்ளே. போன சித்திரையில பேரிங் மாத்துனோம். முழுசா மூணு மாசம் ஆகல, பட்டுனு போயிருச்சு. பேரிங்கு டூப்ளிகேட்டா, இல்ல இரும்பே மோசமா? பாத்துச் சொல்லு."

பதினோரு ஆண்டு உழைத்த இரும்பு திடீரென்று மோசமாகிவிடாது. உடைந்த முகத்தை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வட்டத்தில் முக்கால் பாகம் வழுவழுவென்று இருந்தது. அதன்மேல், அலை வடிந்த பிறகு கடற்கரை மணலில் பதிந்திருக்கும் கோடுகளைப்போல, வில் வில்லாக மெல்லிய வரிகள். மீதிக் கால் பாகம் மட்டும் உடைத்த வெல்லக்கட்டி மாதிரி சொரசொரப்பாக இருந்தது. கடைசி நொடியில் ஒரேயடியாக அறுந்த இடம் அது. வழுவழுப்பான பகுதியோ நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்து வந்தது. வில் வரிகள் சிறுத்துக்கொண்டே போய் விளிம்பில் ஓர் இடத்தில் குவிந்தன. அந்த இடத்தில் ஷாஃப்டின் மேற்பரப்பில் ஒரு வெட்டு. ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஆழம் 0.4 மி.மீ., ஏறக்குறைய நாலு தாள் கனம்.

கதை புரிந்துவிட்டது. பழைய பேரிங் பிடித்துக்கொண்டு கழலவில்லை. பழுதுபார்க்க வந்தவர் கட்டிங் வீலால் அதன் உள்வளையத்தை அறுத்து எடுத்திருக்கிறார். வளையம் அறுபட்ட பிறகும் வீல் ஒரு கணம் கீழே இறங்கி, ஷாஃப்டை முத்தமிட்டுவிட்டுப் போயிருக்கிறது. பெல்ட் இழுக்கும் ஷாஃப்ட் சதா லேசாக வளைந்தபடியே சுழலும். ஒரு சுற்றில் மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒருமுறை இழுபட்டு, ஒருமுறை அழுந்தும். நிமிடத்துக்கு 1,440 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 86,400 முறை. நாளுக்கு எட்டு மணி நேரமாக 75 நாளில் ஐந்து கோடியைத் தாண்டிவிடும். அந்த வெட்டின் அடிமுனை ஐந்து கோடி முறை இழுபட்டிருக்கிறது.

ஒரு பல் குத்தும் குச்சியளவு கனம்கூட இல்லாத கீறல், ஆள் ஏறி நின்றாலும் அசையாத இரும்புத் தண்டை எப்படி அறுக்கிறது? ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைக் கவனித்தவர்களுக்குப் பாதி விடை தெரியும். கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு போடுவார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழுப்பு, நேராகக் கிழிந்துவிடும். வெட்டு போடாமல் அதே துணியைக் கிழிக்கப் பார்த்தால் கை வலிக்கும். வெட்டுக்கு முன்னால் இழுவிசையை எல்லா இழைகளும் பங்குபோட்டுக்கொண்டன. வெட்டு விழுந்ததும், அறுந்த இழைகள் சுமந்த பங்கு முழுவதும் வெட்டின் நுனியில் இருக்கும் முதல் இழையின் தலையில் விழுகிறது. அது அறுந்ததும் அடுத்த இழை.

உலோகத்திலும் விசை இப்படித்தான் ஓடுகிறது. தண்டுக்குள் வரிவரியாகப் போகும் தகைவு (ஓர் அலகுப் பரப்பு சுமக்கும் விசை), பள்ளத்தை எதிர்கொண்டதும் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. பள்ளத்தின் அடியில் வரிகள் நெருங்கி, தகைவு பல மடங்காகிறது. எத்தனை மடங்கு என்பதற்கு 1913-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சார்லஸ் இங்லிஸ் ஒரு கணக்கு தந்தார். அதைக் கப்பல் கட்டும் பொறியாளர்களின் கூட்டத்தில் படித்தார், ஏனென்றால் அன்று கப்பல் தகடுகள் சதுரத் திறப்புகளின் மூலையிலிருந்து கிழிந்துகொண்டிருந்தன. கணக்கு எளிது. கீறலின் ஆழத்தை அதன் அடிமுனை வளைவின் ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். மாமாவின் ஷாஃப்டில் ஆழம் 0.4 மி.மீ. அடிமுனை ஆரத்தை 0.1 மி.மீ. என்று வைத்தால் விடை ஐந்து. ஷாஃப்ட் முழுவதும் பத்து கிலோ இழுவை என்றால், அந்த நுனியில் மட்டும் ஐம்பது. துல்லியமாக நீள்வட்டத் துளைக்குப் பிறந்த கணக்கு இது, கீறலுக்குத் தோராயமாகவே பொருந்தும். ஆனால் அது சொல்லும் சேதி பிசகாது: எவ்வளவு ஆழம் என்பதைவிட, அடி எவ்வளவு கூர்மை என்பதுதான் முக்கியம்.

இப்படித் திரும்பத் திரும்ப இழுபட்டே உலோகம் முறிவதை உலோக அயர்ச்சி என்பார்கள். அதைப் பற்றிய அறிவு ரயில் அச்சுகளிலிருந்து வந்தது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலில் முன் எஞ்சினின் அச்சு முறிந்து, பெட்டிகள் தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850-களிலிருந்து 1870 வரை அச்சுகளையும் கம்பிகளையும் சுழற்றிச் சுழற்றி முறித்துப் பார்த்து, ஒன்றை உறுதிசெய்தார். ஒரு முறை இழுத்தால் தாங்கும் சுமையில் பாதிகூட இல்லாத சுமை, மீண்டும் மீண்டும் வந்தால் எஃகை முறிக்கும். அதற்கும் கீழே ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் இருந்தால் எஃகு எத்தனை கோடி முறை வளைந்தாலும் முறியாது. அதை அயர்ச்சி வரம்பு என்கிறோம். மாமாவின் ஷாஃப்ட் பதினோரு ஆண்டு அந்த வரம்புக்குக் கீழே நிம்மதியாக ஓடியது. வெட்டு விழுந்த அன்று, அந்த ஒரே இடத்தில் வரம்பு தாண்டப்பட்டது.

அயர்ச்சி ஏன் பெரும்பாலும் தோலில் தொடங்குகிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. வளைவிலும் முறுக்கிலும் தகைவு மையத்தில் பூஜ்யம், விளிம்பில்தான் உச்சம். காற்றும் ஈரமும் தொடுவது தோலைத்தான். ஆனால் என்னை மிகவும் கவர்ந்த காரணம் வேறு. 1903-இல் யூயிங், ஹம்ஃப்ரி என்ற இருவர் ஸ்வீடன் நாட்டு இரும்பை நன்றாக மெருகேற்றி, மாற்றி மாற்றி வளைத்து, இடையிடையே நிறுத்தி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கண்ணாடி போலிருந்த பரப்பில் சில படிக மணிகளின் மேல் மெல்லிய கோடுகள் தோன்றின. இன்னும் வளைத்தபோது அந்தக் கோடுகள் தடித்தன, பிறகு அவற்றிலிருந்தே விரிசல் பிறந்தது. சீட்டுக்கட்டில் சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதுபோல, படிகத்துக்குள் அணு அடுக்குகள் போகவர வழுக்குகின்றன. போன அடுக்கு அதே இடத்துக்குத் திரும்பி வருவதில்லை. சில இடங்களில் உலோகம் நாக்கு நீட்டுவதுபோல் வெளியே பிதுங்குகிறது, பக்கத்தில் உள்ளே பள்ளம் விழுகிறது. அதாவது எவ்வளவுதான் மெருகேற்றினாலும், தொடர்ந்து வளைபடும் உலோகம் தனக்கென்று ஒரு சொரசொரப்பைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அந்த முதல் பள்ளத்தைத் தோண்டுவதிலேயே, மெருகேற்றிய உறுப்பின் ஆயுளில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. கீறல் போட்டுக் கொடுக்கிறவன் உலோகத்துக்கு அந்த வேலையை மிச்சப்படுத்திக் கொடுக்கிறான்.

இங்லிஸின் கணக்கில் ஒரு முரண்பாடு இருந்தது. அது வடிவத்தை மட்டும் பார்க்கிறது, அளவைப் பார்ப்பதில்லை. 100 மைக்ரான் ஆழமும் 25 மைக்ரான் முனை ஆரமும் கொண்ட கீறலுக்கும், 4 மைக்ரான் ஆழமும் 1 மைக்ரான் ஆரமும் கொண்ட கீறலுக்கும் ஒரே விடை: ஐந்து. அப்படியானால் கண்ணுக்கே தெரியாத கீறல்களும் எல்லா எந்திரங்களையும் உடைத்திருக்க வேண்டுமே? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் வேலைபார்த்த ஏ. ஏ. கிரிஃபித். அரத்தால் ராவுவது, சாணைபிடிப்பது, மெருகேற்றுவது ஆகியவற்றால் எந்திர உறுப்புகளின் வலிமை ஏன் மாறுகிறது என்பதுதான் அவருடைய தொடக்கம். உலோகம் சிக்கலானது என்று கண்ணாடிக்குப் போனார். கண்ணாடியை உருக்கி இழையாக இழுத்து அறுத்துப் பார்த்தபோது, ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியைவிட, 3 மைக்ரான் கனமுள்ள இழை ஒரே குறுக்குப்பரப்புக்கு ஏறக்குறைய 20 மடங்கு வலிமையாக இருந்தது. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லை. 1921-இல் அவர் வெளியிட்ட விடை இது: விரிசல் வளர்ந்தால் இரண்டு புதிய பரப்புகள் உண்டாக வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகும். சுற்றியுள்ள பொருள் தளர்வதால் கிடைக்கும் ஆற்றல் அந்தச் செலவுக்குக் கட்டுபடியானால்தான் விரிசல் நகரும். சிறிய விரிசலுக்குக் கட்டுபடியாகாது. இன்றைய முறிவு இயக்கவியல் என்ற துறை முழுவதும், ஒரு தண்டின் மேலிருந்த கீறலைப் பற்றிய இந்தக் கவலையிலிருந்து முளைத்தது.

சரி, எந்த அளவு வரை சிறிய கீறல் பாதகமில்லை? ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் யுகிதாகா முராகாமி பல ஆண்டுகள் எஃகில் நுண்துளைகள் போட்டுச் சோதித்து ஒரு சூத்திரம் தந்தார். குறையின் முகப்பரப்பும் எஃகின் கடினமும் தெரிந்தால் அயர்ச்சி வரம்பைச் சொல்லிவிடலாம். அதை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டேன். 400 மெகாபாஸ்கல் இழுவலிமையுள்ள மென்மையான எஃகு, ஏறக்குறைய 30 மைக்ரான் அளவுள்ள குழி வரை எதையும் பொருட்படுத்தாது. அதன் படிக மணிகளே ஏறக்குறைய அந்த அளவு, அந்தக் குழி அதற்கு இன்னொரு மணி எல்லைபோலத்தான். 1,400 மெகாபாஸ்கல் வலிமையுள்ள கடின எஃகுக்கோ அந்தச் சலுகை 2 மைக்ரானோடு முடிந்துவிடுகிறது. தலைமுடியின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று நினைத்துக்கொண்டால் 2 மைக்ரான் என்ன என்பது தெரியும்.

இதன் விளைவு பட்டறைக்காரர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. எந்திர வடிவமைப்புப் பாடப்புத்தகங்களில் மேற்பரப்புக் காரணி என்று ஓர் எண் வரும். கண்ணாடிபோல மெருகேற்றிய மாதிரிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, மற்றப் பரப்புகளுக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்வது. 400 மெகாபாஸ்கல் எஃகை எடுங்கள். மெருகேற்றினால் அதன் அயர்ச்சி வரம்பு சுமார் 200. கிரைண்டிங் பிடித்தால் அதில் 95 சதவீதம் கிடைக்கும், லேத்தில் கடைந்தால் 92, சம்மட்டியில் அடித்து உருவாக்கிக் கரிந்த தோலோடு அப்படியே விட்டால் 70. இப்போது 1,400 மெகாபாஸ்கல் எஃகு. மெருகேற்றினால் 700. கிரைண்டிங்கில் 85 சதவீதம், கடைசலில் 66, அடித்த தோலோடு விட்டால் வெறும் 20.

அந்தக் கடைசி எண்களைப் பெருக்கிப் பாருங்கள். 200-இல் 70 சதவீதம் 140. 700-இல் 20 சதவீதமும் 140. மூன்றரை மடங்கு வலிமையான எஃகை, அதற்கேற்ற விலை கொடுத்து வாங்கி, தோலைக் கவனிக்காமல் விட்டால், அயர்ச்சியைப் பொறுத்தவரை கிடைப்பது சாதாரண இரும்பின் வலிமைதான். அடித்த தோலில் சொரசொரப்பு மட்டும் குற்றவாளியில்லை. உலையின் சூட்டில் தோலிலிருந்து கரிமம் எரிந்துபோய் அங்கே எஃகே மென்மையாகிவிடுகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. இருந்தாலும் எனக்கு இது ஆறாத ஆதங்கம். ஷாஃப்ட் முறிந்தால் நம் ஆட்கள் முதலில் செய்வது, இஎன் 8 எஃகு இருந்த இடத்தில் அதைவிட வலிமையான இஎன் 24 எஃகைப் போடுவது. பொருளுக்குத் தாராளமாகச் செலவழிப்பார்கள். அதைக் கடைகிறவருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரக் கூலி தர மனம் வராது. பொருள் கடினமாக ஆக, அதன் தோலுக்குச் செய்ய வேண்டிய மரியாதையும் கூட வேண்டும்.

வார்ப்பிரும்பு இதற்கு நேர் எதிர். சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் இதழ்கள் ஆயிரக்கணக்கில் விரவிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு விரிசலுக்குச் சமம். உள்ளேயே அத்தனை கீறல் இருக்கும்போது வெளியே ஒன்று கூடினால் அது கண்டுகொள்வதில்லை.

வரைபடங்களில் மேற்பரப்புக்கு ஓர் எண் கொடுப்பார்கள்: ஆர்ஏ 0.8, ஆர்ஏ 1.6 என்று. வைர முனையுள்ள ஊசியைப் பரப்பின்மேல் இழுத்து, அது ஏறி இறங்கும் மேடுபள்ளங்களின் சராசரியை மைக்ரானில் சொல்வது அது. இந்த ஒற்றை எண்ணை நம்புவதில் ஆபத்து இருக்கிறது. லேத்தில் டூல் ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. நகர்கிறது, டூல் மூக்கின் ஆரம் 0.8 மி.மீ. என்றால், விழும் வரிப்பள்ளத்தின் ஆழம் 6.25 மைக்ரான். ஆனால் அந்தப் பள்ளத்தின் அடி டூலின் மூக்கு வடிவத்திலேயே, 0.8 மி.மீ. ஆரத்தில், அகன்ற தட்டுபோல இருக்கும். இங்லிஸின் கணக்கில் தகைவு 1.18 மடங்கு, பயப்பட ஒன்றுமில்லை. அதே 6.25 மைக்ரான் ஆழத்தில், ஒரு கரடுமுரடான எமரி மணி உழுத கூர்மையான கீறலின் அடியாரம் 2 மைக்ரான் என்றால் 4.5 மடங்கு. ஆழம் ஒன்றுதான், ஊசி காட்டும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஒன்று சாது, மற்றது கொலைகாரன். அதிலும் ஊசியின் நுனியே 2 அல்லது 5 மைக்ரான் ஆரம் கொண்டது. அதைவிடக் கூர்மையான பள்ளத்தின் அடிக்கு அதனால் போகவே முடியாது.

இன்னொன்று, பள்ளங்களுக்கு இடையே உறவு உண்டு. நெருக்கமான தோப்பில் காற்று மர உச்சிகளைத் தழுவிக்கொண்டு போய்விடும், வயல் நடுவே தனித்து நிற்கும் பனைதான் முழுக் காற்றையும் வாங்கும். வரிவரியாக நெருங்கிக் கடைந்த பரப்பில் தகைவு ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கி ஏறுவதில்லை, அடியோடு ஒரே சீராகப் போய்விடுகிறது. ஒரு பள்ளம் அடுத்த பள்ளத்துக்கு நிழல் தருகிறது. அதனால், அழகாக மெருகேற்றிய தண்டில் விழுந்த ஒற்றைக் கீறல், அதே ஆழத்தில் முழுக்கச் சொரசொரப்பாகக் கடைந்த தண்டைவிட மோசம். சராசரியில் அந்த ஒற்றைக் கீறல் கரைந்து காணாமல் போய்விடும், அயர்ச்சி மட்டும் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்.

திசையும் முக்கியம். விசை ஓடும் திசையிலேயே படுத்திருக்கும் கீறல் அதற்குக் குறுக்கே நிற்பதில்லை. குறுக்கே விழுந்த கீறல்தான் வாய் திறக்கும். அயர்ச்சிச் சோதனைக்கான மாதிரிக் கம்பிகளுக்குக் கடைசி மெருகை நீளவாக்கில் போடுவதும், பந்தயக் கார்களின் கனெக்டிங் ராடை நீளவாக்கில் தேய்ப்பதும் இதனால்தான். லேத்தில் சுழலும் ஷாஃப்டின்மேல் எமரி தாளைப் பிடித்தால் பளபளப்பு வரும், ஆனால் கீறல்கள் எல்லாம் சுற்றுவாக்கில், அதாவது வளைவு விசைக்கு நேர் குறுக்கே விழும்.

பளபளப்பு வேறு வழியிலும் ஏமாற்றும். கடினப்படுத்திய எஃகை அவசரமாக கிரைண்டிங் செய்தால், கல் தொடும் இடம் ஒரு நொடியில் கொதித்து, அடுத்த நொடியில் குளிரும். சூட்டில் விரிய முயன்ற தோலை அடியிலிருக்கும் குளிர்ந்த உலோகம் விரியவிடாது, தோல் நசுங்கிக்கொடுக்கும். குளிரும்போது அது சுருங்கப் பார்க்கும், அப்போதும் அடி விடாது. முடிவில் தோல் நிரந்தரமாக இழுபட்ட நிலையில் இறுகிவிடுகிறது. வெளிச் சுமை ஒன்றும் வருவதற்கு முன்பே அது பாதி தூரம் விரிசலை நோக்கி வந்துவிட்டது. ஊசி வைத்து அளந்தால் ஆர்ஏ 0.2, ஒரு குறையும் சொல்ல முடியாது.

தோலின் அடியில் நடப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1996 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் பென்சகோலாவில் நடந்ததை நினைக்கிறேன். டெல்டா நிறுவனத்தின் 1288-ஆம் விமானம், எம்டி-88 வகை, புறப்பட ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்தது. இடது எஞ்சினின் முன் விசிறியைத் தாங்கும் டைட்டானியச் சக்கரம் உடைந்து சிதறியது. துண்டுகள் விமானத்தின் உடலைக் கிழித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தன. ஒரு தாயும் அவருடைய மகனும் இறந்துபோனார்கள். விசாரணையில் விரிசல் தொடங்கிய இடம் தெரிந்தது. சக்கரத்தில் போல்ட் கம்பி போகும் துளைகளில் ஒன்றின் உட்சுவர். பல ஆண்டுகளுக்கு முன், அந்தத் துளையைப் போட்டபோது டிரில் சரியாக வெட்டாமல் உரசியிருக்கிறது. சீவல் வெளியேறாமல் அடைத்துக்கொண்டு, அந்த இடம் மட்டும் கடுமையாகச் சூடேறியிருக்கிறது. சூடேறிய டைட்டானியம் கெட்டியாகி, நொறுங்கும் தன்மையடைந்து, நுண்ணிய வெடிப்புகள் விட்டது. பிறகு துளையைப் பெரிதாக்கி, உட்சுவரைத் தேய்த்துச் சீராக்கும் வேலைகளும் முறைப்படி நடந்தன, ஆனால் கெட்ட தோல் முழுதாகப் போகவில்லை. தயாரிப்பின்போது அமிலச் சோதனையில் ஒரு தடம் தெரியத்தான் செய்தது. நிராகரிக்க வேண்டிய வகையைச் சேர்ந்ததாக அது கருதப்படவில்லை. அந்தச் சக்கரம் 13,000-க்கும் மேற்பட்ட முறை பறப்புக்கு உயிர்கொடுத்து, ஒவ்வொரு முறையும் விரிசலை ஒரு துளி நீட்டிக்கொண்டே வந்தது. விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன் செய்த ஒளிர்சாயச் சோதனையிலும் அது கண்ணில் படவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த டிரில் மாட்டிக்கொண்ட சில நொடிகளைத்தான் நினைத்துக்கொள்வேன்.

தோலுக்குள் இழுவை புகுந்தால் கேடு என்றால், அழுத்தம் புகுந்தால் நன்மை. ஸ்பிரிங்குகள், கியர் பற்கள், விமானச் சக்கர உறுப்புகள் ஆகியவற்றின்மேல் சின்னஞ்சிறு எஃகுக் குண்டுகளை வேகமாகப் பொழிவார்கள். ஷாட் பீனிங் என்று பெயர். குண்டு ஒவ்வொன்றும் ஒரு சுத்தியல் அடி. அடிபட்ட தோல் பக்கவாட்டில் பரவப் பார்க்கிறது, அடியிலிருக்கும் உலோகம் பிடித்து நெருக்குகிறது. தோல் நெருக்கப்பட்ட நிலையிலேயே தங்கிவிடுகிறது. வெளிச் சுமை இழுக்க வரும்போது, முதலில் அந்த நெருக்கத்தைக் கழித்த பிறகுதான் தோலை இழுக்கவே தொடங்க முடியும். ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் ஆல்மன் இதை அளக்க ஓர் எளிய வழி கண்டார். மெல்லிய எஃகுப் பட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் குண்டு பொழிந்தால் பட்டை வில்லாக வளையும், அந்த வளைவின் உயரம்தான் அளவு. இன்றும் அவர் பெயரில்தான் அந்தப் பட்டையைச் சொல்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது, குண்டு பொழிந்த பரப்பு முன்பைவிடச் சொரசொரப்பானது. தொட்டால் அம்மைத் தழும்புபோல இருக்கும். ஆனாலும் அயர்ச்சியில் அது வெல்கிறது, ஏனென்றால் பள்ளங்கள் எல்லாம் கிண்ணம்போல உருண்டவை, அவற்றின் அடியில் உலோகம் இறுகக் கைகோத்து நிற்கிறது.

மாமாவின் புதிய ஷாஃப்டைக் கடைய, எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்த டர்னரிடம் போனோம். அறுபதைத் தாண்டியவர். விட்டம் மாறும் படியில், பேரிங் வந்து உட்காரும் மூலையில், பழைய ஷாஃப்ட் கூர்மையாக இருந்ததைக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே டூலை எடுத்துச் சாணையில் மூக்கை உருட்டினார். கடைசி வெட்டில் நகர்வைப் பாதியாகக் குறைத்தார். பாதியாக்கினால் வரியின் உயரம் கால்பங்காகிவிடும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லேத்தை நிறுத்திவிட்டு, எமரி தாளை விரலில் மடித்து மூலை வளைவில் நீளவாக்கில் பொறுமையாகத் தேய்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தைப் பரப்பில் மெல்ல இழுத்தார்.

"மைக்ரோமீட்டர் அளவச் சொல்லும் தம்பி, இத நகந்தான் சொல்லும். எங்க தட்டுதோ அங்கதான் போகும்."

என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். ஓரிடத்திலும் தட்டவில்லை.

போன தை மாதம் ஆலையின் இன்னொரு புளோயரில் பேரிங் பிடித்துக்கொண்டது. மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். புல்லர் போட்டுப் பார்த்தார்கள், அசையவில்லை. ஃபிட்டர் கட்டிங் வீலை எடுத்ததும் மாமா அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார். உள்வளையத்தில் சாய்வாக வெட்டு இறங்கியது. பொறி பறந்தது. முழுதாக அறுபடுவதற்கு முன்பே, "போதும், நிறுத்துப்பா" என்றார் மாமா. ஃபிட்டர் வீலை வைத்துவிட்டு, உளியை அந்த வெட்டில் பொருத்திச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். கடினப்படுத்திய வளையம், தன்மேல் விழுந்த அந்தக் கீறலின் வழியே, டிக் என்று பிளந்து விலகியது. ஷாஃப்டைத் துணியால் துடைத்துவிட்டு, வளையம் இருந்த இடம் முழுக்க, ஒரு சுற்று, மாமா தன் நகத்தால் தடவிப் பார்த்தார்.